செவந்தி அணைத்த அடுப்பு

மருதங்குளத்துக் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கொக்கு வாத்தியார் பாடம் சொல்லுவார். பேச்சி என்கிற கரடி மத்தியானச் சோறு ஆக்கிப் போடுவாள். காட்டிலுள்ள குட்டிகள் எல்லாம் அங்கேதான் படித்தன. படித்தன என்று சொன்னாலும், வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிட்டால் ஒன்றின் கண்ணும் பலகையில் இருக்காது. எல்லா மூக்கும் அடுப்படிப் பக்கம் திரும்பியிருக்கும். வாத்தியார் இதற்காக யாரையும் கோபித்ததில்லை. அவருடைய மூக்கும் அந்தப் பக்கம்தான் நீண்டிருக்கும்.

பேச்சியின் சோற்றால் காட்டுத் தாய்மாருக்கெல்லாம் சந்தோஷம், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி செவந்தி என்கிற முயல்.

செவந்திக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அல்லி, இளையவன் மொட்டு. புருஷன் ஆற்றுக்கு அக்கரையில் பிழைக்கப் போனவன், மழை விழுந்தால்தான் திரும்புவான். அவளுக்கு உலகமே அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு அடுப்பும்தான். செவந்தி நன்றாகச் சமைப்பாள். அது அவளுக்கும் தெரியும். சங்கடமே அதுதான்.

தினமும் சாயங்காலம் அடுப்பு மூட்டி வரகுச் சோறு வடிப்பாள். முருங்கைக் கீரையை உருவிப் போட்டுக் குழம்பு வைப்பாள். இரவு சாப்பிட்டது போக மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள். விடிந்ததும் பிள்ளைகள் அந்தப் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும். மருதங்குளத்தில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். காலையில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. அந்த வருஷம் மழையும் இல்லை. புல்லெல்லாம் கருகிக் கிடந்ததால், போகிற வழியில் மேய்ந்து வயிற்றை நிரப்பலாம் என்பதற்கும் வழியில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மொட்டு ஆரம்பித்துவிடுவான்.

“அம்மா, இன்னைக்குப் பெரியம்மா பூசணிக்காய் சாம்பார் வச்சாங்க.”

“எந்தப் பெரியம்மா?”

“கரடிப் பெரியம்மா.”

“கரடி உனக்கு எந்த வகையில பெரியம்மா?”

மொட்டு காதைச் சொறிந்தான். “தெரியலம்மா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க” என்றான்.

செவந்தி கரண்டியைப் பானைக்குள் ‘ணங்’ என்று போட்டாள். பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

அன்று அல்லி பாதிச் சோற்றிலேயே இலையைத் தள்ளி வைத்தாள். “வயிறு ரொம்பிருச்சும்மா.”

“அப்படி என்னத்தத் தின்ன, ரொம்புறதுக்கு?”

“மத்தியானம் தினைச்சோறு. ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன்.”

“என் சோத்த என்னைக்காவது ரெண்டு தடவை கேட்டு வாங்கியிருக்கியாடி?”

“நீதான் கேக்குறதுக்கு முன்னாடியே போட்டுருவியே” என்றாள் அல்லி. அது எவ்வளவு நல்ல பதில் என்று செவந்திக்கு விளங்கவில்லை. பொறாமை வந்த காதுக்குப் பாதிப் பேச்சுதான் விழும். ‘ரெண்டு தடவை’ என்பது மட்டும் அவள் காதிலேயே நின்றது.

சும்மா விடுவாளா? மறுநாள் பாறைச் சரிவு வரைக்கும் போய்க் காளான் பறித்து வந்தாள். தேனடையில் கை வைத்து, மூக்கு வீங்கத் தேனீயிடம் கொட்டு வாங்கினாள். சாயங்காலம் காளான் பிரட்டலும் தேன் ஊற்றிய தினைமாவும் செய்து, பிள்ளைகள் வாயில் வைக்கும் வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றான் மொட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “பெரியம்மா இதுல மிளகு தட்டிப் போடுவாங்க.”

செவந்தியின் முகம் சுண்டிப்போனது. மூக்கு வீக்கம் வேறு விண்விண் என்று தெறித்தது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது அதற்கு மறுநாள் நடந்தது. மொட்டு சாப்பிட்டுக்கொண்டே எதையோ நினைத்தபடி கையை நீட்டினான்.

“பெரியம்மா, தண்ணி குடுங்க.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். “அம்மா” என்று திருத்தினான். திருத்தி என்ன பிரயோஜனம்? சொல் வந்து விழுந்துவிட்டது. செவந்தி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். வயிறு எரிந்தது. பெற்ற வயிறு அல்லவா, கொஞ்சம் கூடுதலாகவே எரிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த காரைப் புதருக்குள் ஒளிந்து உட்கார்ந்தாள். குட்டிகள் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தன. பேச்சி அண்டாவிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டாள். மொட்டு இலையை வழித்து நக்கினான். பிறகு தலையைத் தூக்கிப் பேச்சியிடம் என்னவோ சொன்னான். பேச்சி குனிந்து கேட்டாள். தூரத்தில் இருந்ததால் செவந்திக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. ‘எங்க அம்மாவை விட நீங்கதான் நல்லா சமைக்கிறீங்க’ என்றுதான் சொல்லியிருப்பான். வேறென்ன சொல்லியிருக்கப் போகிறான்? இப்படி அவளே சொல்லிக்கொண்டு, அவளே அதை நம்பி, கண்ணைத் துடைத்தபடி வீட்டுக்கு நடந்தாள்.

நடக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. அவ சோறுதானே பெரிசு? அதையே தின்னட்டும். நான் சாயங்காலம் அடுப்பே மூட்டலைன்னா என்ன ஆகும்? ரெண்டே நாள். ‘அம்மா, உன் சோறு இல்லாம முடியல’ன்னு ரெண்டும் வந்து காலைக் கட்டிக்கும். அப்போ பாத்துக்கலாம்.

ஆனால் தான் மட்டும் அடுப்பை அணைத்தால் ஊர் என்ன சொல்லும்? சோம்பேறி என்று சொல்லும். அதனால் ஊர் முழுக்க அணைக்க வேண்டும். பொறாமைக்காரிக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் போதும், அவளைப்போல் பேச்சாளி கிடையாது.

மாதாமாதம் பள்ளியில் தாய்மார் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் செவந்தி எழுந்தாள்.

“பிள்ளைங்க மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டு வருதுங்க. அதுக்கு மேல சாயங்காலம் வேற எதுக்குச் சோறு ஆக்கணும்? பாதி குப்பைக்குப் போகுது. விறகும் தண்ணியும் வீண். மத்தியானம் சாப்பிட்ட பிள்ளை சாயங்காலம் சோறு கேட்டா அது பசி இல்ல. பேராசை. நாமளே அதுங்களுக்குப் பேராசை பழக்கிட்டு இருக்கோம்.”

கூட்டத்தில் தலைகள் ஆடின. மான் ஒருத்தி, “பேராசையோ என்னமோ, சாயங்காலம் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரலாம்” என்றாள். அவள் ஒருத்திதான் மனதில் இருந்ததைச் சொன்னாள். மற்றவர்கள் அதே நினைப்பை ‘பிள்ளைகளின் நன்மைக்காக’ என்று சொன்னார்கள்.

கீரி வேலாயி மட்டும் கையைத் தூக்கினாள். “பிள்ளைங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“பிள்ளைங்களைக் கேட்டா ஊர்க் காரியம் பேசுறது?” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது அடுப்படியிலிருந்து பேச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “செவந்தி சொல்றது சரிதான். நான் போடுற சோறு ராத்திரிக்கும் தாங்கும். வீட்டுல சமைக்கவே வேண்டாம்” என்றாள்.

எதிரியே வந்து ஒத்து ஊதினால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரவேண்டும். செவந்திக்குச் சந்தேகம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ‘எவ்வளவு திமிர் பார், ராத்திரிக்கும் தாங்குமாம்’ என்று பல்லைக் கடித்தாள்.

அடுத்த கூட்டம் வரைக்கும் எந்த வீட்டிலும் சாயங்காலம் அடுப்பு மூட்டக் கூடாது என்று முடிவாயிற்று. ‘இரவுச் சோறு கேட்பது பேராசை’ என்று வாத்தியார் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டார். குட்டிகள் அதை ராகம் போட்டுப் படித்தன. கீரி வேலாயி வீட்டிலும் அடுப்பு அணைந்தது. ஆனால் அவள் பிள்ளைகளுக்குப் பச்சை முட்டை போதும், அதற்கு அடுப்பு எதற்கு? மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

முதல் நாள் சாயங்காலம் செவந்தி அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். பிள்ளைகள் வந்தார்கள். அடுப்பைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொட்டு வாயைத் திறந்தான். அல்லி அவன் காலை மிதித்தாள். இரண்டு பேரும் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டார்கள்.

ஒரு வார்த்தை கேட்கவில்லையே! செவந்திக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. அவ்வளவு நிறைத்துவிட்டதா பேச்சியின் சோறு? என் சோற்றின் நினைப்பே வரவில்லையா?

கேட்டால் பேராசை என்று அவளே கூட்டத்தில் சொன்னதும், வாத்தியார் அதை எழுதிப் போட்டதும், பிள்ளைகள் அதை நாள் முழுக்கப் பாடியதும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

விடிந்ததும் அல்லி வழக்கம்போலப் பழைய சோற்றுப் பானையைத் திறந்தாள். பானை காய்ந்து கிடந்தது. இரவு சோறு வடிக்காத வீட்டில் காலையில் பழையது எங்கிருந்து வரும்? செவந்திக்குச் சுருக்கென்றது. சாயங்காலச் சோற்றை நிறுத்தினால் காலை ஆகாரமும் கூடவே நின்றுவிடும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்குத் தலையாட்டிய அத்தனை தாய்மாரும் யோசிக்கவில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்ட பிள்ளை இனி இன்று மத்தியானம்தான் சாப்பிடும்.

கை அடுப்புப் பக்கம் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு மறுநாளே அடுப்பு மூட்டினால் பேச்சி சிரிக்க மாட்டாளா? “போயிட்டு வாங்க, மத்தியானம் சேர்த்துச் சாப்பிடலாம்” என்று பிள்ளைகளை அனுப்பி வைத்தாள்.

நாலைந்து நாள் போயிற்று. மொட்டுவின் காது இரண்டும் தொங்கிவிட்டன. வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். வேலி ஓரம் நின்ற கீரி வேலாயி, “ஏன் செவந்தி, பிள்ளை இப்படி இளைச்சிட்டான்?” என்று கேட்டாள்.

“எல்லாம் அந்தப் பேச்சி சமையல்தான். ருசியா இருந்தா போதுமா? உடம்புல ஒட்ட வேண்டாமா?” என்றாள் செவந்தி. சொல்லும்போது வேலாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. இருந்தாலும் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் சன்னாசி இந்தப் பக்கம் வந்தான்.

சன்னாசி ஒரு கிழட்டு நரி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாறைக் குகையில் தனியாக இருந்தான். இத்தனை வருஷமாக அவனுக்கு மருதங்குளத்தில் ஒரு குட்டியும் அகப்பட்டதில்லை. சாயங்காலம் பள்ளி விட்டால் குட்டிகள் சோற்று வாசனை பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு ஓடிவிடும். வாசலில் தாய் நிற்பாள். இப்போது பார்த்தால் எந்தக் கூரையிலிருந்தும் புகை எழவில்லை. வீட்டில் ஒன்றும் காத்திருக்காததால் குட்டிகள் வழியெல்லாம் நின்று நின்று, எறும்புப் புற்றைக் கிளறி, காய்ந்த நெற்றுகளைப் பொறுக்கி, மெதுவாக நடந்தன. சன்னாசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஒரு கம்பளியைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, ஒற்றையடிப் பாதை ஓரம் சருகு கூட்டித் தீ மூட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டான். முதலில் வந்தவன் மொட்டு. அவன் நரி என்ற பெயரைக் கேட்டிருக்கிறானே தவிர, நரியைப் பார்த்ததில்லை.

“என்ன தம்பி, பசிக்குதா?” என்றான் சன்னாசி.

மொட்டுவுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. தலையை ஆட்டினான்.

“அட, இதுல என்ன இருக்கு? பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே. இந்தா.”

மொட்டு கிழங்கை வாங்கிப் பாதியைத் தின்றான். மீதியை அல்லிக்கு எடுத்துப் போனான். அல்லி யாரென்று கேட்டாள். “கம்பளித் தாத்தா” என்றான். “அம்மாகிட்ட சொல்லாதே. பேராசைன்னு திட்டுவாங்க” என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாளும் கிழங்கு கிடைத்தது. அன்று சாயங்காலம் மொட்டு பக்கத்தில் வந்து படுத்தபோது செவந்தியின் மூக்கு துடித்தது. பிள்ளையின் வாயில் சுட்ட கிழங்கு வாசனை.

“என்னடா தின்ன?”

மொட்டு வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“யாரு குடுத்தா?”

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். செவந்தி கேட்கவில்லை. கேட்பானேன்? வேறு யார் கொடுத்திருப்பார்கள்? பேச்சிதான். மத்தியானம் போதாதென்று சாயங்காலமும் ஊட்டி அனுப்புகிறாள். ஊர் முழுக்க அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, தன் அடுப்பில் கிழங்கு சுட்டு, என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறாள். இந்த நினைப்பில் செவந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி அதோடு செத்துப்போனது.

அதற்கு அடுத்த நாள் அல்லி மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தாள்.

“மொட்டு எங்கடி?”

“அவன் சாப்பிடப் போயிருக்கான்மா. பாயசம் தர்றேன்னு கூப்பிட்டாராம். அந்தக் கம்பளி...”

செவந்தி மீதியைக் கேட்க நிற்கவில்லை. ‘சாப்பிடப் போயிருக்கான்’ என்பதே அவளுக்குப் போதும். பொழுது சாயும் வெயிலில் ஒரே ஓட்டமாகப் பள்ளிக்கூடத்து அடுப்படிக்கு ஓடினாள்.

பேச்சி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எம் பிள்ளைய எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?”

பேச்சி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “எந்தப் பிள்ளைய?”

“தெரியாத மாதிரி நடிக்காத. பாயசம் காச்சி ஊட்டுறியாமே. நேத்துக் கிழங்கு, இன்னைக்குப் பாயசம். பெத்தவ நான் இருக்கேன். பெரியம்மா முறை கொண்டாட உன்ன எவ கூப்பிட்டா?”

பேச்சி தேய்த்துக்கொண்டிருந்த தேங்காய் நாரை வீசினாள். “உன் மகன் மொட்டுவையா சொல்ற? அவனுக்கு நான் பாயசம் ஊட்டுறேனா? நல்லா இருக்கு கதை. அவன் என்னைக்கு என் சோத்த மெச்சினான்? தினமும் இலையை வழிச்சு நக்கிட்டு, தலையைத் தூக்கி என்ன சொல்வான் தெரியுமா? ‘நல்லா இருக்கு பெரியம்மா, ஆனா எங்க அம்மா கொழம்பு மாதிரி இல்ல’ம்பான். ‘எங்க அம்மா கீரைய உருவிப் போடுவாங்க, நீங்க நறுக்கிப் போடுறீங்க’ம்பான். நூறு பிள்ளைக்கு ஆக்கிப் போடுறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்க அம்மா மாதிரியே இருக்குன்னு அவன் வாயால வந்துடாதான்னு ஏங்கி ஏங்கிப் போறேன். அதனாலதான் அன்னைக்குக் கூட்டத்துல நீ அடுப்பை அணைக்கச் சொன்னதும் ஓடி வந்து ஒத்துக்கிட்டேன். உன் கொழம்பு ருசி மறந்தாலாவது என் சாம்பார் ருசிக்குமான்னு பாத்தேன். போதுமா?”

செவந்தி அப்படியே நின்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: ஒரு நொடி, ஒரே நொடி, அவள் மனம் குளிர்ந்துபோனது. புதருக்குள் இருந்து பார்த்த அன்று பிள்ளை சொன்னது இதுதானா?

அடுத்த நொடி பேச்சியின் கையைப் பிடித்தாள்.

“அப்போ... அப்போ அவனுக்குக் கிழங்கு குடுத்தது யாரு?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேச்சி மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தாள். கரடி மூக்குக்கு ஈடு ஏது? மெதுவாகக் கேட்டாள்.

“செவந்தி, காட்டுல இப்போ எந்த அடுப்பும் எரியல. அப்புறம் எங்கிருந்து விறகுப் புகை வாசம் வருது?”

“எந்தப் பக்கம்?”

“பள்ளத்துக்கு அந்தப் பக்கம்.”

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எவன் இருக்கிறான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பேச்சி அண்டாக் கரண்டியை எடுத்தாள். செவந்தி அதற்குள் பள்ளத்தில் இறங்கிவிட்டாள்.

குகை வாசலில் மூன்று கல் கூட்டி ஒரு பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. மொட்டு ஒரு கல்லின் மேல் ஏறி நின்றான். சன்னாசி கம்பளியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான்.

“பாயசம் பதமா வந்துருச்சான்னு நீயே எட்டிப் பாரு தம்பி.”

“எனக்கு ஒண்ணும் தெரியல தாத்தா. ஆவியா இருக்கு.”

“இன்னும் கொஞ்சம் குனி. நல்லாக் குனி.”

மொட்டு குனிந்தான். சன்னாசி கையை ஓங்கினான்.

செவந்தி வந்த வேகத்தில் திரும்பி, முன்னங்காலை மண்ணில் ஊன்றி, பின்னங்கால் இரண்டாலும் எத்தினாள். அடுப்புச் சாம்பலும் புழுதியுமாகச் சன்னாசியின் கண்ணை நிறைத்தது. அவன் ஊளையிட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். செவந்தி மொட்டுவின் கழுத்தைக் கவ்வி இழுத்துப் புதருக்குள் உருண்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு சன்னாசி பாய வந்தபோது எதிரே பேச்சி நின்றாள். அண்டாக் கரண்டி ஒரு தடவை இறங்கியது. இரண்டாவது தடவைக்குச் சன்னாசி அங்கே இல்லை. அதற்குப் பிறகு மருதங்குளத்துப் பக்கம் அவனை யாரும் பார்க்கவில்லை.

பேச்சி பானையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தாள். உள்ளே பாயசமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கொதிநீர். அதில் உப்பும் மிளகும் போட்டு வைத்திருந்தான்.

செவந்தி மொட்டுவை மடியில் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். காயம் இல்லை. ஆனால் தடவிய இடமெல்லாம் எலும்பு தட்டுப்பட்டது. இத்தனை நாள் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை. இப்போதுதான் அவள் கைக்கு அது தெரிந்தது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“ஏண்டா அவன் கூடப் போன? பசிச்சா எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா பேராசைன்னு நீதானம்மா சொன்ன.”

தடவிக்கொண்டிருந்த செவந்தியின் கை நின்றது.

மொட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சமாதானம் சொல்வது போல மெதுவாகச் சொன்னான்.

“பசிக்குதான்னு அவரு மட்டும்தாம்மா கேட்டாரு.”

பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவந்தி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதறி அழுதாள். பெற்றவளும் கேட்கவில்லை, ஊட்டியவளும் கேட்கவில்லை. யார் சோறு பெரிசு என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தின்னப் பார்த்தவன் வந்து கேட்டிருக்கிறான்.

அன்று இருட்டுவதற்கு முன் செவந்தி வீட்டில் அடுப்பு எரிந்தது. பேச்சி தன் மூட்டையிலிருந்து வரகு கொண்டுவந்து கொடுத்தாள். கீரையை உருவலாமா நறுக்கலாமா என்று இரண்டு பேருக்கும் அங்கேயும் ஒரு சின்னச் சண்டை வந்தது. கடைசியில் கையில் கிடைத்தபடி பிய்த்துப் போட்டார்கள். அல்லியும் மொட்டும் பேசாமல், நிமிராமல் சாப்பிட்டார்கள். ருசியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் காலை செவந்தியே பள்ளிக்கூடம் போய், கூட்டம் கூட்டி, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். பொறாமையில் பேசினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அது லேசான காரியம் இல்லை. காது மடல் வரை சிவந்துவிட்டது. கூட்டத்தில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் பலகையில் எழுதியிருந்ததைத் தன் இறக்கையாலேயே அழித்தார். சாயங்காலம் மருதங்குளத்தில் எல்லா வீட்டிலும் சோறு வெந்தது.

செவந்திக்குப் பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மொட்டு ‘பெரியம்மா’ என்று ஆரம்பித்தால் இப்போதும் அவள் மீசை ஒரு தடவை துடிக்கும். ஆனால் அந்தத் துடிப்பு கைக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் வாசலில் கால் வைத்ததும் அவள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “பசிக்குதா?”

பிள்ளைகளின் பசிக்குக் குறுக்கே பெரியவர்களின் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டால், அந்தப் பசியை விசாரிக்க நரிதான் வரும்.